நூற்று எழுபத்து மூன்று பெயர்கள்

ஜூலை 8, செவ்வாய்

கெலாங் பாத்தா சிக்னலில் இன்றும் நாற்பது நிமிடம். சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகிற லாரிகள் நகரவே இல்லை. வியர்த்து விறுவிறுத்து அலுவலகம் போய் உட்காரும் முன்பே புவான் சல்மா கூப்பிட்டுவிட்டார். எங்கள் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர். நல்ல மனுஷி. ஆனால் அவர் "சின்ன வேலைதான்" என்று ஆரம்பித்தால் பயப்பட வேண்டும்.

சின்ன வேலை இதுதான். கெலாங் பாத்தா, ஆயர் ஈத்தாம், தங்காக் - மூன்று கிளைகளின் பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், மொத்தம் 18,406 கோப்புகள், இந்த மாதமே புது கணினி அமைப்புக்கு மாற வேண்டும். கோப்பின் பெயர் என்பது நோயாளியின் பெயரும் தேதியும். புது அமைப்பு பெயருக்கு இருபத்தைந்து எழுத்துதான் கொடுக்கிறது. நம் ஆட்களின் பெயர் எது இருபத்தைந்துக்குள் அடங்குகிறது?

கிளைகளிலிருந்து வருகிற தாள்களை ஸ்கேன் செய்து ஒவ்வொன்றுக்கும் கையால் பெயர் தட்டுபவர் இன்பராணி ஆன்ட்டி. பதினாறு வருடமாக இதே வேலை. அவரிடம் கேட்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுருக்க இரண்டு மாதமாவது வேண்டும் என்றார். எனக்கு ஒரு மத்தியானம் போதும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், அடுத்த மேசைக்கும் கேட்கட்டும் என்று.

ஆன்ட்டி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பாத்து செய் தம்பி. எல்லாம் ஆளுங்க பேரு."

அவர் இப்படித்தான். நான்கு வருடத்துக்கு முன் நான் சேர்ந்த முதல் நாளே, "யாரு மகன் தம்பி நீ?" என்று கேட்டார். "ஏன் ஆன்ட்டி, மதிவாணன்னா போதாதா?" என்றேன். "போதாது லா. இந்த ஊர்ல எத்தனை மதிவாணன் இருக்கான்னு உனக்குத் தெரியாது," என்று சிரித்தார். கடைசி வரை நான் சொல்லவில்லை. அப்பா பெயரைக் கேட்டு ஆளை எடைபோடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது.

ஜூலை 10, வியாழன்

முடிந்தது. ஒரே வரி.

கோப்புப் பெயருக்குள் சாய்கோடு போட முடியாது. அதனால் நம் a/l, a/p - இன்னாரின் மகன், இன்னாரின் மகள் - ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வேஷத்தில் கிடக்கிறது. A-L, A.P, AL, AP. தனித்தனியாகத் தேடினால் பைத்தியம் பிடிக்கும். அதற்குத்தானே ரெஜெக்ஸ் இருக்கிறது? எழுத்தைச் சொல்லாமல் எழுத்தின் சாயலைச் சொல்லித் தேடுவது. நான் எழுதியது:

_A.?[LP]_.*_

A வரும். அடுத்து ஏதோ ஒரு குறி வரலாம், வராமலும் போகலாம். பிறகு L அல்லது P. அதற்குப் பின்னால் தேதி வரும் வரைக்கும் எது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும். அத்தனையையும் வெட்டிவிட்டு ஒரு அடிக்கோடு போடு. KALIAMMAH_A-P_PERUMAL_120325 என்பது KALIAMMAH_120325 ஆகிவிடும். இருபத்தைந்துக்குள் அடக்கம்.

இதே மகன், மகளுக்கு மலாயில் பின், பிந்தி. அவை இருக்கிற மலாய்ப் பெயர்களைத் தொடவில்லை. அதில் கை வைத்தால் புவான் சல்மா சும்மா விடுவாரா? அவற்றை அவரையே கேட்டுச் சுருக்குவதாக முடிவு.

ஓட விட்டதும் பாதியில் நின்று கேட்டது: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதன் மேல் எழுதட்டுமா? ஆம் என்றேன். பத்து வினாடியில் மறுபடி கேட்டது. ஆம். மறுபடி. நாலாவது தடவை எரிச்சல் வந்து, கேட்காமலே எழுது என்று மாற்றிவிட்டு மைலோ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது 18,406 இருந்த இடத்தில் 18,233. 173 குறைவு. ஆன்ட்டி ஒரே தாளை இரண்டு தடவை ஸ்கேன் செய்திருப்பார். வயதாகிறது அல்லவா.

ஜூலை 11, வெள்ளி

புவான் சல்மா எல்லார் முன்னாலும் "பாகுஸ், மதி" என்று பாராட்டினார். அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்: 173 இரட்டைப் பிரதிகள் நீக்கப்பட்டன.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா ஆட்டுக்கறி. தூக்கம். எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தங்காக் கிளையிலிருந்து புகார். காளியம்மா என்று ஒருவர், பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். மார்ச் மாதம் எங்களிடம் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் தொலைத்துவிட்டு, போன மாதம் நகல் கேட்டு வாங்கியிருக்கிறார். டாக்டர் அந்த நகலைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, முட்டி வலி மாத்திரையைத் தொடருங்கள் என்று சொல்லிவிட்டார். இப்போது கால் வீங்கிப் போய் மறுபடி ரத்தம் எடுத்தால் நிலைமை தலைகீழ், அந்த மாத்திரை சேரவே கூடாத சிறுநீரகம். டாக்டர் சந்தேகப்பட்டு, நகலின் அடியில் இருந்த அடையாள அட்டை எண்ணைப் பார்த்திருக்கிறார். அது வேறொரு காளியம்மாவுடையது.

இந்த ஆன்ட்டி என்னதான் ஸ்கேன் செய்கிறாரோ என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன், பின்னால் நான் மாற்றிச் சொல்லாமல் இருக்க.

ஆகஸ்ட் 6, புதன்

புவான் சல்மா ஆன்ட்டியை அறைக்குள் கூப்பிட்டார். கதவு கண்ணாடிக் கதவு. என் அறிக்கையை மேசைமேல் திருப்பி வைத்து ஒரு வரியை விரலால் காட்டினார். எந்த வரி என்று இங்கிருந்தே தெரிந்தது. 173 இரட்டைப் பிரதிகள். ஏற்கெனவே 173 தவறு செய்தவர் ஒரு பெயரை மாற்றிப் போட மாட்டாரா - கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆன்ட்டி வெளியே வந்து என் மேசைக்கு அருகில் நின்றார். "நான் ஒரு தாளை ரெண்டு தடவ போட்டதே இல்ல தம்பி. போட்டதுமே பின்னால சிவப்புப் பேனால டிக் போட்டுருவேன். நீ எதப் பாத்து அப்படி எழுதின?"

"சிஸ்டம் காட்டுச்சு ஆன்ட்டி."

சிஸ்டம் காட்டியதாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தெரிந்துவிட்டது.

நேற்று ஆன்ட்டி சொன்ன சிவப்பு டிக் காலையிலிருந்து மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அன்று ஓட்டியதன் பதிவைத் திறந்தேன். கோப்புகள் போய்விட்டன, ஆனால் பழைய பெயர்ப் பட்டியல் அதில் அப்படியே இருந்தது. காளியம்மா என்று தேடினேன்.

KALIAMMAH_A-P_PERUMAL_120325
KALIAMMAH_A-P_RAMAYAH_120325

ஒரே நாள். ஒரே கிளை. பெருமாள் மகள் ஒருத்தி, ராமையா மகள் ஒருத்தி. நான் அப்பாக்களை வெட்டினேன். இரண்டு பேரும் ஒரே ஆள் ஆனார்கள். ஒருத்தியின் மேல் இன்னொருத்தியை எழுதினேன். அது கேட்டது. மேலே எழுதட்டுமான்னு நாலு தடவ கேட்டுச்சு. நான்தான் கேக்காதன்னு சொன்னேன்.

173-ம் அப்படித்தான். ஒன்றுகூட இரட்டை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ஆள். நகல் எடுத்து வைத்தேனா? இல்லை. அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று சோம்பல்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பின், பிந்தியைத் தொட பயந்தவனுக்கு a/l, a/p-யைத் தொட ஏன் பயம் வரவில்லை? அது வெறும் ஒட்டு இல்லை, பெயரின் பாதி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மலாய்ப் பெயர்களை விட்டேன். நம்ம பேருன்னா கேக்க ஆள் இல்ல. அதான? சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஒரு வருடம் கதவு அட்டையில் என் பெயரையே "A L" என்று அச்சடித்தார்கள். கூட வேலை செய்தவர்கள் என்னை "ஆல்" என்று கூப்பிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கே அந்த இரண்டு எழுத்தைச் சுமையாக நினைக்க ஆரம்பித்துவிட்டேன் போல.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் புவான் சல்மாவிடம் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சொல்லவில்லை. புவான் சல்மாவுக்கு நாள் முழுக்கக் கூட்டம்.

கூட்டம் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பாவுக்குச் சர்க்கரை. போன நவம்பரில் எங்கள் கிளையில்தான் ரத்தம் கொடுத்தார். மடிக்கணினியைத் திறந்து LETCHUMANAN என்று அப்பா பெயரைத் தேடினேன். இந்த மாநிலத்தில் எத்தனை லெட்சுமணன்! அந்தத் தேதியில் ஒரே ஒருவர்தான். திறந்து பார்த்தேன். அப்பாவுடையதுதான், எண் சரியாக இருக்கிறது. அப்படியொரு நிம்மதி வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகிப் போயிற்று. என் அப்பா தப்பினால் போதும், மற்ற 173 பேருக்கும் அப்பா இல்லையா?

"என்னடா, மூஞ்சி செத்துப் போயிருக்கு?" என்றார் அப்பா.

"வேலை."

"வேலையில தப்பு பண்ணிட்டியா?"

முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். ஒருவன் இடிச்சிட்டு வந்திருக்கானா இல்லையா என்று நடையிலேயே கண்டுபிடிப்பார். இல்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆன்ட்டிக்கு எச்சரிக்கைக் கடிதம். கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறதாம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஆன்ட்டி ராஜினாமா கொடுத்துவிட்டார். மீதி விடுமுறையைக் கழித்துக்கொண்டு இன்றைக்கே கிளம்புகிறார்.

யாரிடமும் சண்டை போடவில்லை. மேசைமேல் இருந்த மாதா படம், தண்ணீர்ப் போத்தல், கால்வலிக்குத் தடவுகிற தைலம், ஒரு கட்டு சிவப்புப் பேனா - எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். புருஷன் ரபேல் அங்கிள் கீழே காரில் காத்திருந்தார். பையைத் தூக்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"பரவாயில்ல தம்பி, கனமில்ல."

பிறகு லிஃப்ட் வரும் வரை நின்றார். தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். "வேலை போறது பெரிசில்ல. ஒரு வாரமா நான் தட்டின ஒவ்வொரு பேரையும் இந்தப் பிள்ளைங்க திரும்ப செக் பண்றாங்க. அதான் தாங்கல."

வாயைத் திறந்தேன். லிஃப்ட் வந்துவிட்டது. லிஃப்ட் வந்துருச்சாம்! ரெண்டாவது மாடிதான, படியில ஓட முடியாதா? காலு இல்லையா எனக்கு? நின்னேன். சும்மா நின்னேன். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றி ஊரெல்லாம் சிரிக்கும். நான் சோறு கூட இல்லாமல் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மெடிக்கல் லீவ் போட்டேன். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்குப் பதிவை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். 173 பழைய பெயர்கள், ஆறு பக்கம். பக்கத்தில் என் ஒற்றை வரி. வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் அதையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: இன்பராணி ஒரு தவறும் செய்யவில்லை. கோப்புகளை அழித்தது நான். ஏழாம் தேதியே எனக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வரியில்தான் புவான் சல்மா நின்றார். இரண்டு தடவை படித்தார். ஏழாம் தேதியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிதம் கொடுத்தது பன்னிரண்டாம் தேதி அல்லவா என்றார். அதற்கும் ஆமாம்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெயர்ப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே, மெதுவாக மலாயில் கேட்டார்: என் பெயரில் பிந்தியை எடுத்துவிட்டு என் அப்பாவையும் எடுத்திருந்தால் நான் உன்னை என்ன செய்திருப்பேன் தெரியுமா, மதி? தெரியும் என்றேன். அதனால்தான் எடுக்கவில்லை என்றும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அவர் ஆறு பக்கத்தையும் அடுக்கித் தன் இழுப்பறையில் வைத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எச்சரிக்கைக் கடிதம் எனக்கு. ஆன்ட்டியின் கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், புவான் சல்மாவே போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, அழிந்த தாள்களை நானே தேடப்போவதையும் சொல்லி, மறுபடி வேலைக்கு வரச் சொன்னாராம். யோசித்துச் சொல்வதாகக்கூட ஆன்ட்டி சொல்லவில்லையாம். வேண்டாம் என்றாராம்.

என் வேலை போகவில்லை. அசல் தாள்கள் ஆயர் ஈத்தாம் கிடங்கில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. 173-ஐயும் நானே தேடி எடுத்து, நானே ஸ்கேன் செய்து, நானே கையால் பெயர் தட்ட வேண்டும். முழுப் பெயர். புது அமைப்பில் பெயருக்கு எண்பது எழுத்து வரை விடலாமாம், அதை விற்ற கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் போதுமாம். ஒரே ஒரு போன். ஜூலையில் யாரும் போடவில்லை. யாரும் என்ன யாரும், நான்தான் போடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மாலையில் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ரபேல் அங்கிள் கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"உள்ளதான் இருக்கா. பாக்க வேணாங்கிறா."

"சாரி சொல்லணும் அங்கிள்."

"சொல்லணும்தான். ஆனா அவளுக்குக் கேக்கணுமே, தம்பி."

வாங்கிப் போன ஆரஞ்சுப் பழத்தை கேட்டிலேயே மாட்டிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி ஆரஞ்சு வாங்கியிருக்கிறேன், அறிவு கெட்டவன்.

ஆகஸ்ட் 23, சனி

ஆயர் ஈத்தாம். பானைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு கடைவீடுதான் கிடங்கு. மின்விசிறி ஒன்று, அதுவும் திரும்பாது. பெட்டிகளின் மேல் எல்லாம் ஆன்ட்டி கையெழுத்து: கிளை, மாதம், வருடம். தாள்களைத் திருப்பினால் ஒவ்வொன்றின் பின்னாலும் சிவப்பு டிக். ஒரு தாளில்கூட இரண்டு டிக் இல்லை.

இன்றைக்கு 21 கிடைத்தன. காளியம்மா a/p பெருமாள், மூன்றாவது பெட்டியில். அவர் பெயரைத் தட்டும்போது ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அந்தத் தாளைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. புவான் சல்மாவிடம் அனுமதி கேட்டு, தங்காக் போனேன். துணிக்கடைகளைத் தாண்டி, கிராமத்துப் பக்கம் ஒரு கம்பத்து வீடு. காளியம்மா வாசலில் நாற்காலி போட்டு, வீங்கிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. நான் யார், என்ன செய்தேன் என்று முழுக்கச் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போன பேச்சு.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "சரி, அந்த முட்டி மாத்திரைய இப்ப போடலாமா, கூடாதா?" என்றார்.

"கூடாதும்மா. டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு. போன தடவ போடலாம்னும் அவருதானே சொன்னாரு."

டாக்டர் பொய் சொல்லவில்லை, நான் கொடுத்த தாளைப் பார்த்துச் சொன்னார் என்று மறுபடி விளக்கினேன். சிறுநீரகம் இந்த அளவிலேயே நின்றால் டயாலிசிஸ் தேவைப்படாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நின்றால்.

"அந்த இன்னொரு காளியம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறார் என்றேன். தாளில் அப்படித்தான் இருந்தது. "அது போதும்," என்றார். கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட்டிருந்தால் நானும் கொஞ்சம் நிமிர்ந்து திரும்பியிருப்பேன்.

ஆகஸ்ட் 30, சனி

64.

செப்டம்பர் 6, சனி

118. அப்பாவும் கூட வந்தார், நான் கூப்பிடாமலே. போன வாரம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டியை இறக்கித் தந்துகொண்டே ஒரே ஒரு தடவை கேட்டார். "அந்தம்மா உன்ன அன்னிக்கு யாரு மகன்னு கேட்டாங்கன்ன. சொல்லவே இல்லையா?"

"இல்லப்பா."

"ஏன்டா, அவ்வளவு கேவலமாவா இருக்கேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. அடுத்த பெட்டியை இறக்கினோம்.

செப்டம்பர் 13, சனி

172.

ஒன்று இல்லை. பேச்சியம்மாள் a/p திருச்செல்வம், தங்காக் கிளை, 2019 செப்டம்பர். அந்த மாதப் பெட்டியை மூன்று தடவை கொட்டிப் பார்த்துவிட்டேன். அதற்கு முந்தியதும் பார்த்தாயிற்று, பிந்தியதும் பார்த்தாயிற்று. பெட்டியின் ஓரத்தில் ஆன்ட்டியின் கையெழுத்தில் ஏதோ குறிப்பு, தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது. என்னவென்று தெரிந்தவர் ஒருவர்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

புவான் சல்மா, ஒன்றுதானே, கிடைக்கவில்லை என்று எழுதி முடித்துவிடு என்றார். முடியாது என்றேன். ஜூலையில் நீ இப்படிப் பேசவில்லையே என்ற பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசிய தினம், விடுமுறை. பகல் பதினொரு மணிக்கு, எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் நின்றபடியே ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். இதற்கு முன் ஆறு தடவை செய்து எடுக்கவில்லை. இன்றைக்கு எடுத்தார். அவர் பக்கம் குக்கர் சத்தம்.

"ஹலோ."

"ஆன்ட்டி, மதிவாணன் பேசறேன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எந்த மதிவாணன்?" என்றார்.

நான்கு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர். என் குரல் அவருக்குத் தெரியாதா? அடுப்படியில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போனை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"லெட்சுமணன் மகன் மதிவாணன், ஆன்ட்டி. கெலாங் பாத்தா. லாரி ஓட்டுனாரே, அந்த லெட்சுமணன்."

"ம்," என்றார். குக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது. "சொல்லு. யாரோட தாள் கிடைக்கல?"